நாய்க்குச் சர்க்கரை தாழ்ந்தால்

இன்சுலினுக்கும் நாய்க்கும் உறவு பழையது. 1921இல் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்துச் சோதித்தது நாய்களிடம்தான். இன்று அதையே சர்க்கரை நோய் வந்த நாய்க்குப் போடுகிறோம். அந்த நாயின் கணையம் இன்சுலின் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுவதால் மாத்திரை பெரும்பாலும் பலிக்காது, ஊசிதான் வழி.

ஆனால் இன்சுலின் மிஞ்சினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அந்த ஆபத்து பல வேளை சிரிஞ்சில் ஒளிந்திருக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான சிரிஞ்சில் 100 மருந்தை இழுத்தால், கோடு 4 காட்டும். உள்ளே இருப்பதோ 10 யூனிட். இரண்டரை மடங்கு! நம் கடைகளில் 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் கைமாறிப் போவது எளிது.

சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவைப் போட்டாலும், ஊசி சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் மறுபடி குத்தினாலும் இதே கதிதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் முதலில் தவிப்பது மூளை. அதற்குக் குளுக்கோஸ்தான் முக்கிய எரிபொருள். நாய் தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம்.

நினைவிருந்தால் உணவு கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். 'சுகர் ஃப்ரீ' பண்டம் மட்டும் வேண்டாம்: அதில் இருக்கக்கூடிய சைலிட்டால், நாய்க்குச் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும்.