ஊர் சொல்லும் கதை – 11: மேளம் இல்லாமல் திரும்பும் சாமி

வேங்கிக்கால் என்றதும் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்பதால் அன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பலர் கையில் மனு இருக்கும். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் தனி மாவட்டம் அமைத்த பிறகு ஊருக்கு வந்த வளர்ச்சி இது. ஏரி இருக்கிறது. எங்கே நின்றாலும் மலை தெரிகிறது. ஆனால் “இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “கோயிலுக்குப் போங்க சார்” என்று தெற்கே கை காட்டுவார்கள்.

இதே கேள்வியை இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் கேட்டால், இப்போதெல்லாம் செல்போனில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் போதும். குறித்த இடத்தை நெருங்கியதும் செயற்கைக்கோள் கணக்கை வைத்துப் போனே புரிந்துகொண்டு பேசத் தொடங்கும். 1952-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம், பார்வையாளர் கையில் வானொலிப் பெட்டியைக் கொடுத்து ஓவியங்களைப் பற்றிச் சொன்னதே இதற்கெல்லாம் முன்னோடி. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்த அந்தக் குரல் இன்று தேவாலய வாசலுக்கும் பழைய கொல்லுப்பட்டறைக்கும் வந்திருக்கிறது.

பெரிய கோபுரமோ அரண்மனையோ இல்லாத ஊருக்குத்தான் இந்த ஒலிவழிகாட்டி அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. டெர்பிஷையரில் உள்ள ஈயம் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லையில் குழிகள் குடைந்த ஒரு பாறாங்கல் கிடக்கிறது. தெரியாதவர் அதன்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். 1665-ல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிமூட்டையோடு பிளேக் ஊருக்குள் நுழைந்தது. அடுத்த ஊர்களுக்குப் பரவக் கூடாதென்று, பாதிரியார் மாம்பெசன் சொல்லை ஏற்று, ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல் அருகே சாமான்களை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றி, அதற்குள் காசு போட்டு வைப்பார்கள் ஈயம் மக்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்கிறது ஊர்க்கணக்கு. அந்தக் கல்லைப் பார்ப்பதில் ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் நின்று கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேங்கிக்காலுக்கு இப்படியொரு நடைவழி அமைத்தால் எங்கே தொடங்கலாம்? கலெக்டர் ஆபீஸிலிருந்து பெரிய கோயிலான அருணாசலேஸ்வரர் கோயிலை நோக்கி வரும்போது, கிரிவலப் பாதையின் வடகிழக்கில் ஈசான்ய லிங்கம் இருக்கிறது. அந்தப் பகுதியில்தான் ஈசான்ய குளம். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் பாதை. கிரிவலத்தின் கடைசியான எட்டாவது லிங்கத்தைத் தொட்டுவிட்டோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்ற அவசரத்தில் குளத்தை யாரும் கவனிப்பதில்லை.

தைப்பூசத்தன்று அருணாசலேஸ்வரர் இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். வரும்போது நாதஸ்வரம், தவில் எல்லாம் உண்டு. தீர்த்தவாரி முடிந்ததும் ஓலையில் ஒரு செய்தி வருகிறது: வல்லாள மகாராஜா போரில் மாண்டார். அதோடு மேளம் நின்றுவிடும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். பிள்ளையில்லாத வல்லாளனுக்குத் தானே பிள்ளையாக இருப்பதாக இறைவன் வாக்குக் கொடுத்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அதனால் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் மகன் ஸ்தானத்தில் திதியும் கொடுக்கிறார். அப்பனுக்குத் திதி கொடுக்கும் கடவுளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வரலாற்றில் இந்த வல்லாளன் போசள அரசன் மூன்றாம் வீரவல்லாளன். பழைய தலைநகரான துவாரசமுத்திரம் தாக்குதல்களில் நொறுங்கிய பின் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டவன். 1342 வாக்கில் கண்ணனூர்ப் பக்கம் மதுரை சுல்தானின் படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டான். சில காலத்துக்குள் மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, அவன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தானே பார்த்ததாக எழுதியிருக்கிறார். கொல்லப்பட்டபோது அவனுக்கு எண்பது வயது என்றும் சொல்கிறார்.

ஒலிவழிகாட்டி எழுதுகிறவருக்கு இங்கேதான் கை நடுங்கும். புராணத்தில் பாசம் இருக்கிறது, பயணக்குறிப்பில் கொடூரம் இருக்கிறது. இரண்டையும் குழைத்து மிருதங்கப் பின்னணியோடு உருக்கமான ஒரு குரலில் கொடுத்துவிடுவது சுலபம். பல ஒலிப்பதிவுகள் அப்படித்தான் இருக்கின்றன, இரண்டு நிமிஷத்தில் இயர்போனைக் கழற்றத் தோன்றும். புராணத்தைக் கோயில் கைங்கரியக்காரர் ஒருவர் தன் பேச்சிலேயே சொல்லட்டும். சுல்தான் கதையை இன்னொரு குரல், ஆதாரத்தோடு, தனியாகச் சொல்லட்டும். எதை எங்கே வைப்பது என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார்.

தொழில்நுட்பத்தில் பெரிய சிக்கல் இல்லை. திறந்த வெளியில் போனின் இடக்கணிப்பு ஐந்து மீட்டர் முன்பின் தவறும்; குளக்கரைக்கு அது போதும். பெரிய கோயிலின் கல்மண்டபங்களுக்குள் அது தடுமாறும், அங்கே எண் அழுத்திக் கேட்கும் பழைய முறையே நல்லது. பௌர்ணமிக் கூட்டத்தில் நெட் கிடைப்பது அதிர்ஷ்டம் என்பதால் பதிவுகளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. ஈசான்ய குளத்துப் பதிவு தைப்பூசத்தன்று வேறாக இருக்க வேண்டும்: சாமி திரும்பும் நேரத்தில் செயலி பேசவே கூடாது. தைப்பூசமும் மாசி மகமும் ஆங்கிலக் காலண்டரில் வருஷா வருஷம் நகரும். யாராவது பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த இரண்டு நாளையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செயலி செய்ய ஒருமுறை பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் இதைச் செய்ய ஒருவர் வேண்டும், அவர் இந்தப் பக்கத்துக்காரராகவும் இருக்க வேண்டும். அடுத்த வாரம் பள்ளிகொண்டாப்பட்டில் அப்படி யாராவது அகப்படுகிறார்களா என்று பார்ப்போம்.

(தொடரும்)