'நீரில் மூழ்கி' என்று எழுத விடாதீர்கள்

ஆற்றில் குளிக்க இறங்கியவரை முதலை இழுத்துப் போகிறது. கரையில் நின்றவர்கள் அலறுகிறார்கள், ஊர் கூடுகிறது, தீயணைப்பு வண்டி வருகிறது, தேடித் தேடி ஒருவழியாக உடல் கிடைக்கிறது. அப்போது உறவில் ஒரு பெரியவர், "போன உசுரு போச்சு, ஆஸ்பத்திரியில குடுத்து அறுக்க வேணாம், அப்படியே எடுத்துடலாம்" என்பார். இல்லையென்றால் புகார் எழுதித் தருகிறவர் பழக்க தோஷத்தில் 'குளிக்கும்போது நீரில் மூழ்கி' என்று எழுதிவிடுவார். வீட்டார் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து இழப்பீடு கேட்டு வன அலுவலகம் போனால், 'காவல் நிலைய ஆவணத்தில் விலங்கு என்ற சொல்லே இல்லையே' என்று கேட்பார்கள். அப்போது சாட்சியைத் தேடி அலைந்து பயனில்லை.

பாம்பு கடித்துச் செத்தவர் வீட்டிலும் இதே கூத்துத்தான் நடக்கிறது. எவ்வளவு சொன்னாலும் நம் சனம் பேப்பர் விஷயத்தில் அசட்டையாகவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'நம்ம ஏரியில் முதலை ஏது?' என்று நம் ஊரான தொண்டூரில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தொண்டூர்ப் பக்கம் பிறக்கும் தொண்டியாறும், செஞ்சி வழியே வரும் வராக நதியும் வீடூரில் சேர்கின்றன. இந்த நீரில் நமக்குத் தொல்லை பாம்பும் கெளுத்தி முள்ளும்தான். ஆனால் நாம் ஊரிலேயே உட்கார்ந்திருப்பதில்லையே. அறுவடைக்கும் கட்டட வேலைக்கும் கொள்ளிடக் கரைக்குப் போகிறோம், சிதம்பரம் கோயிலுக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தி ஆற்றில் இறங்குகிறோம், திருவண்ணாமலைக்கு அப்பால் சாத்தனூர் அணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். சாத்தனூரில் தென்பெண்ணைக் கரையில் முதலைப் பண்ணையே இருக்கிறது. அந்த அணையிலிருந்துதான் 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. வெள்ளத்துக்கு வேலி கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை பெருங்களத்தூர், நெடுங்குன்றம் சாலையை இரவில் ஒரு முதலை கடந்து போனதை நாடே வீடியோவில் பார்த்தது. 2024 ஆகஸ்டில் குஜராத்தின் வதோதராவில் விசுவாமித்திரி ஆறு பொங்கியபோது முதலைகள் குடியிருப்புகளுக்குள்ளேயே வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லையை ஆண்டுக்கணக்கில் அனுபவிப்பவர்கள் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய கொள்ளிடக் கரை ஊர்க்காரர்கள். வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர் என்று அந்த ஊர்ப் பெயர்கள் செய்தித்தாளில் வந்தாலே முதலைச் செய்தி என்று புரிந்துகொள்ளலாம். 2022-இல் வேளக்குடியில் ஆற்றில் குளித்த ஒரு மாணவரை முதலை கொன்றது. மாடு குளிப்பாட்டப் போனவர்கள், துணி துவைத்த பெண்கள், கையால் மீன் தடவியவர்கள் என்று கால் கையை இழந்தவர்கள் அங்கே பலர். ஊருக்குள் வரும் முதலையை இளைஞர்களே கயிறு போட்டுப் பிடிப்பார்கள், வனத்துறை வந்து வாங்கிக்கொண்டு போய்ச் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வக்காரமாரி ஏரியில் விடும். ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலையைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டும், அது பழைய இடத்துக்கே நீந்தித் திரும்பியதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டார்கள். கூப்பிடு தூரத்து ஏரியில் விட்டுவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று கோப்பை மூடுகிறவர்களை என்ன சொல்வது!

கொள்ளிடத்தில் இருப்பது நன்னீர் முதலை. ஆழத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது காத்திருப்பது கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில். நாம் தினமும் ஒரே நேரத்தில் ஒரே படித்துறையில் இறங்குவதை அது கவனிக்கும். அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். மாசி, பங்குனியில் கரை மணலைத் தோண்டி முட்டையிடும். தாய் முதலை அந்தக் குழியைக் காவல் காக்கும். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிறவர் தண்ணீரில் இறங்காவிட்டாலும் ஆபத்துத்தான். கோழிக் கழிவை மூட்டையாகக் கட்டி ஆற்றில் வீசுகிற கறிக்கடைக்காரர்கள் முதலைக்கு விருந்து வைத்துப் படித்துறைக்குப் பழக்குகிறார்கள். இதைக் கேட்க ஊராட்சிக்கும் வாயில்லை, நமக்கும் வாயில்லை.

இலங்கையின் பொத்துவில் அருகே 2017 செப்டம்பரில் ஒரு பிரிட்டிஷ் செய்தியாளர் களப்புத் தண்ணீரில் கை கழுவப் போய் முதலைக்குப் பலியானார் என்று செய்தி வந்தது. படித்தவர், உலகம் சுற்றியவர். அந்தத் தண்ணீரின் குணம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அதனால் வெளியூர் ஆற்றில் இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பலகை இல்லை என்பதால் முதலை இல்லை என்று ஆகிவிடாது. பலகை வைக்க வேண்டியது பொதுப்பணித் துறையா, வனத்துறையா, ஊராட்சியா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிற காலத்தில் நீங்கள் இறங்கியிருப்பீர்கள்.

கவ்விவிட்டால்? கையில் கிடைத்ததைக் கொண்டு கண்ணில் குத்துங்கள், மூக்கின் மேல் அடியுங்கள். கரையில் நிற்பவர் தண்ணீரில் குதிக்காமல் கழி, கயிறு, துடுப்பு எதையாவது நீட்டுங்கள். தப்பி வந்தவரின் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். முதலையின் வாயில் இல்லாத கிருமி இல்லை. 'சின்னக் கீறல்தான், நம்ம தெரு டாக்டரிடம் ரெண்டு தையல்' என்று முடித்துக்கொண்டால் உள்ளே சீழ் பிடித்துக் காலே போகும். அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். உயிர் பிழைக்க மட்டுமல்ல, பின்னால் வரும் காகிதத்துக்காகவும்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது விபத்துப் பதிவேட்டின் நகல், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் 'எப்படி ஆச்சு?' என்று கேட்டு எழுதும் அந்த வரியில் 'முதலை கடித்தது' என்று வர வேண்டும், எந்த ஆறு, எந்த ஊர் என்பதும் வர வேண்டும். பேச முடியாத நிலையில் இருப்பவருக்காகக் கூட வந்தவர் சொல்ல வேண்டும். கூட வந்தவர் பதற்றத்தில் 'தண்ணில விழுந்துட்டாருங்க' என்று சொன்னால் அதுதான் பதிவாகும்.

இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள். தற்கொலை, விபத்து ஆகியவற்றோடு விலங்கால் நேர்ந்த மரணத்தையும் காவல்துறை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லிக் கட்டளையிடுகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. ஆகவே 'இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். எதுக்கு' என்று நிலைய எழுத்தர் சொன்னால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். புகாரை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். நேரில் கண்ட இரண்டு பேரின் பெயரும், இடமும், நேரமும், 'முதலை இழுத்துச் சென்றது' என்ற சொற்களும் அதில் இருக்கட்டும்.

அதே நாளில் வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் போக வேண்டும். நம் பக்கம் செஞ்சி வனச்சரகம், கொள்ளிடப் பக்கம் சிதம்பரம் வனச்சரகம். சம்பவம் எந்த எல்லையில் நடந்ததோ அங்கேதான் மனு, நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை. தொண்டூர்க்காரர் சிதம்பரத்தில் அடிபட்டுவிட்டுச் செஞ்சியில் மனு கொடுத்தால் அது மேசை மேசையாக நகரும். வனச்சரகர் இடத்தை நேரில் பார்த்து, காயத்தையும் கரையில் உள்ள தடத்தையும் படமெடுத்து எழுதும் அறிக்கைதான் முழு வழக்கின் முதுகெலும்பு. தடம் மழையில் அழிவதற்குள் உங்கள் கைப்பேசியிலும் படம் எடுத்துவையுங்கள்.

பிறகு மாவட்ட வன அலுவலருக்கு இழப்பீட்டு மனு. அதோடு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள், இந்தப் பட்டியலில் நாட்களை இழுப்பது அதுதான். மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் உயர்த்திய விகிதப்படி உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்குச் சிகிச்சைச் செலவாக 25,000 வரை. மாநில அரசு தன் அரசாணைப்படிதான் வழங்கும், தொகையும் மாறிக்கொண்டே வரும். மனு எழுதும் நாளில் நடப்பில் இருக்கும் அரசாணை எண்ணைக் கேட்டு மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

ஆத்திரத்தில் முதலையை அடித்துக் கொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆனால் உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு தாக்கி அது செத்தால் குற்றமில்லை, 11-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கவ்வும்போது குத்தியதும், மறுநாள் ஊர் கூடி மரத்தில் கட்டி வைத்து அடித்ததும் ஒன்றாகாது. பிடித்துக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதும் வம்புதான்.

நம் ஏரிக்குத் திரும்புவோம். மழைக்காலத்தில் வலையோடும் கையோடும் இறங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. அந்தத் தைரியத்தில்தான் உயிர் போகிறது. வரப்பும் புற்றும் மூழ்கினால் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் அதே தண்ணீரில்தான் மிதக்கும். கட்டுவிரியன் கடித்த தடம் கண்ணுக்கே தெரியாது. கலங்கல் தண்ணீரில் சுருக்கென்றதும் 'கெளுத்தி முள்ளு குத்திடுச்சு' என்று கரையேறி வெற்றிலை மடிக்கிறவர்கள் உண்டு. முள்தானா என்று தெரியாதவரை பாம்பு என்றே எண்ணுங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். மந்திரிக்கப் போகாதீர்கள் என்பதை இன்னொரு முறை எழுதுகிறேன், ஏனென்றால் போவீர்கள்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே உங்கள் வழக்கு பதிவாகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, கேளுங்கள். இதில் இறப்பு நேர்ந்தால் வன அலுவலகத்தை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து மரண உதவி கேட்கலாம். அது வருவாய்த் துறை, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு. அங்கேயும் முதல் கேள்வி பிரேதப் பரிசோதனைச் சான்று எங்கே என்பதுதான்.

ஊராகச் செய்ய வேண்டியதும் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்று கிராம சபை கூடும். எச்சரிக்கைப் பலகை, படித்துறை விளக்கு, கழிவு கொட்டத் தடை என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள். முதலை உள்ள ஆற்றோரக் கிராமங்கள் ஒரு படி மேலே போய், இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் செய்திருப்பதுபோல் குளிக்கும் இடத்தைச் சுற்றி ஆற்றுக்குள்ளேயே அடைப்பு கட்டித் தரக் கேட்கலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, கம்பும் கம்பியும்தான்.

மனு கொடுத்தும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், 1100-இலும் பதிவு செய்யுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'இன்ன தேதியில் நான் கொடுத்த மனு இப்போது எந்த மேசையில், யார் பொறுப்பில் இருக்கிறது?' என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், மனு கொடுத்த அன்றே உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்டீர்களானால் 'அப்படி ஒரு மனு இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை' என்ற பதில் மட்டும் முப்பது நாளுக்குள் தவறாமல் வந்துவிடும்.