குட்டிக்குத் தழை எப்போது?

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. வளர்ந்த ஆட்டில் அசைபோடும் தீவனம் தங்கும் முதல் அறையே சுமார் 80 சதவீத இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறந்த குட்டியிலோ நேர்மாறு. பாலைச் செரிக்கும் நான்காம் அறைதான் பெரியது. பால் மட்டும் குடித்தால் முதல் அறை சரியாக வளராது. தழை அங்கே போய்ப் புளித்தால்தான் வளரும். ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்தே வேலிமசால், அகத்தி போன்ற இளந்தழையைக் குட்டியின் வாய்க்கு எட்டும்படி கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் கொறிக்கத்தான் செய்யும், அது போதும். தழை பழகாத குட்டியைத் திடீரெனத் தாயிடமிருந்து பிரித்தால் மெலிந்துவிடும்.

வளர்ந்தபின் ஆண், பெண் வேறுபாடும் உள்ளே தெரியும். கிடாவைவிடப் பெட்டைக்குச் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சீக்கிரம் சேரும். கறிக்கடைக்காரர் அறிந்த விஷயம்தான் இது. வளர்ப்புக்கு வைக்கும் பெட்டைக்குத் தானியத்தை அள்ளி வைக்க வேண்டாம்.