நாற்பதில் ஏறும் அழுத்தம், எழுபதில் தடுமாறும் நினைவு

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பெரியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "வயசாயிருச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். மறதி முற்றி, பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்ற பிறகுதான் க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்கோ கூட்டிப்போவார்கள். அங்கே டாக்டர் கேட்கும் கேள்விகளில் ஒன்று வீட்டாரைத் திகைக்க வைக்கும்: "இவருக்குப் பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?"

மறதிக்கும் பிரஷருக்கும் உள்ள உறவு மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. நம் வீடுகளுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத மெல்லிய குழாய்கள் பிரிந்து நேராக உள்ளே இறங்குகின்றன. முல்லைப்பெரியாற்றுப் பாசனத்தில் கடைமடை வயலுக்கு வாய்க்கால் ஒன்றுதான் என்பதுபோல, மூளையின் ஆழத்துக்கும் அந்த ஒரு குழாயை விட்டால் வேறு வழியில்லை. பெரிய தமனியின் அழுத்தம் அதிகம் தணியாமல் இந்தச் சின்னக் குழாய்களைத் தாக்குகிறது. வருடக்கணக்கில் அடி வாங்கிய குழாயின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, சில இடங்களில் அடைத்தே போகிறது. அங்கே சில மில்லிமீட்டர் அளவுக்குத் திசு செத்துக் குழி விழுகிறது. கைகால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்.

இந்தத் திட்டுகள் அதிகம் விழுவது, மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளில். அதனால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் பழைய நினைவு அல்ல; வேகமும் திட்டமிடலும். எந்தக் கொடிக்கு எப்போது கவாத்து, மருந்தடிக்க எத்தனை ஆள், முறைத்தண்ணீர் எப்போது என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்திருந்த திராட்சை விவசாயி, ஒரு நாள் எதை முன்னால் செய்வது என்று தெரியாமல் நிற்பார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதையைப் பிசகாமல் சொல்வார். ஆனால் அன்றைய கூலிக் கணக்கு கூடிவராது. "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, இவருக்கு என்ன கோளாறு?" என்று வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் இதைச் சோதிப்பதே தனிக்கலை. மழைக்கும் அறுவடைக்கும் கணக்கு வைத்தே வாழ்ந்த ஒரு அப்பத்தாவிடம் தேதி கேட்டுப் பயனில்லை. படம் வரையச் சொன்னால், பேனாவே பிடிக்காத கை தடுமாறத்தான் செய்யும். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களில் மேரி கங்குலி குழுவினர் எழுத்தறியாதவர்களுக்கென்றே ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். படிக்காதவர் என்பதற்காக அறிவு மங்கியவர் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

மறதிநோயின் விதை விழுவது எழுபதில் அல்ல. ஹவாய்த் தீவில் 1965-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, நடுவயதில் மேல் அழுத்தம் (பிரஷரின் முதல் எண்) உயர்ந்திருந்த ஆண்களுக்குச் சுமார் 25 ஆண்டுகள் கழித்துச் சிந்தனைத் திறன் குறைந்திருந்ததைக் காட்டியது. அழுத்தத்தைக் குறைத்தால் மூளை தப்புமா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 9,361 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மேல் அழுத்தம் 140-க்குக் கீழ், மறு பிரிவுக்கு 120-க்குக் கீழ் என்று இலக்கு வைத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: 120 பிரிவில், மறதிநோய்க்கு முந்தைய படியான லேசான சிந்தனைக் குறைபாடு 19 சதவீதம் குறைவு. மறதிநோயும் குறைந்தது, ஆனால் இதயத்துக்குக் கிடைத்த பலன் தெளிவாகிவிட்டதால் சிகிச்சைக் கட்டத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள்; அதனால் அந்தக் குறைவை உறுதியாக நிறுவப் போதிய எண்ணிக்கை சேரவில்லை.

அந்த உறுதி 2025-ல் வந்தது, அதுவும் கிராமங்களிலிருந்து. சீனாவில் 326 கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பகுதிக் கிராமங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எளிய வழிமுறைப்படி மாத்திரையைத் தொடங்கவும் அளவைக் கூட்டவும் அதிகாரம் கொடுத்தார்கள். மேலே டாக்டர்கள் கண்காணித்தார்கள். நான்கு ஆண்டுகளில், அந்தக் கிராமங்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அழுத்தம் 130/80-க்குக் கீழே வந்தது. வழக்கமான சிகிச்சை நடந்த கிராமங்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். பயிற்சி நடந்த கிராமங்களில் மறதிநோயும் 15 சதவீதம் குறைந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் ஒருவர் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். தமிழகத்தில் 2020-ல் நடந்த கணக்கெடுப்பில், உயர் அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் 17 சதவீதமானது. இரட்டிப்புக்கும் மேல், மெச்ச வேண்டிய முன்னேற்றம். ஆனாலும் நூற்றில் எண்பத்து மூன்று பேர் கட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

காரணத்தைத் திண்ணையிலேயே கேட்கலாம். "மாத்திரை போட்டியா அப்பத்தா?" "தலை சுத்தல் இல்லையேத்தா, எதுக்குப் போடணும்?" பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது என்பதை நாம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. இன்னொன்று, பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். வீங்கியதும், யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் தீர்கிற விஷயம் அது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரை போக வேண்டும், ஒரு நாள் கூலி போகும். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரே டாக்டரின் மேற்பார்வையில் அளவைக் கூட்டவும் மாத்திரையை மாற்றவும் அதிகாரம் கொடுப்பதுதான் சீனக் கிராமங்கள் காட்டும் வழி. மாத்திரை கை சேர்ந்ததா என்பதோடு எண் இறங்கியதா என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாத்திரையோடு உப்பும் குறைய வேண்டும்: ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எண்பதைத் தொட்டவர்களுக்கு மட்டும் வேறு கவனம் வேண்டும். அவர்களில் சிலருக்கு உட்கார்ந்திருக்கும்போது 150 காட்டும், எழுந்து நின்றதும் 120-க்கு இறங்கிவிடும். இரவில் எழுந்து கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஐந்து நிமிடம் உட்கார வைத்து ஒரு தடவை, நின்ற ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பார்த்தால் போதும். மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இப்போது அளக்காமல் விட்டுப்போகிறவர்கள் நாற்பது வயதுக்காரர்கள்தான் என்பது என் கவலை. விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டுப் பொழுது சாயும்போது திரும்பும் பெண்களை, பகலில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் எப்படிப் பார்ப்பார்? தமிழக அரசு 2024-ல் வேலையிடங்களுக்கே போய்ப் பரிசோதிக்கத் தொடங்கியது. ஆனால் இவர்களுடைய வேலையிடம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் முகாம் போடலாம். ஜீப் கிளம்பும் இடங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு செவிலியர் அழுத்தமானியோடு உட்காரலாம். இரண்டுக்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய மருந்தும் வேண்டாம்; பணி நேரத்தை மாற்றி ஓர் உத்தரவு போட்டால் நடக்கும்.