உள்ளங்கை அகலக் காளான்: தஞ்சாவூர் தோசைக்கல்லில் போர்டோபெல்லோ சமைப்பது எப்படி?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் ஒரு தடவை கண்ணில் பட்டுவிடும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் காளான். அதைக் கல்லில் போட்டுப் புரட்டி, ‘அப்படியே கறி மாதிரி இருக்கும்’ என்பார் சமைப்பவர். அதன் பெயர் போர்டோபெல்லோ.

புரட்டாசியில் அசைவத்தை நிறுத்திவிடும் டெல்டா வீடுகளில் ‘கறி மாதிரி’ என்ற சொல்லுக்குத் தனி மவுசு உண்டு. ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி, கத்திரிக்காய் வதக்குவதுபோல வதக்கினால் என்ன ஆகும்? வாணலி நிறையக் கறுப்புத் தண்ணீர். நடுவில் ரப்பர் மாதிரி நாலு துண்டு. பாக்கெட் விலையை நினைத்தால் வயிறு எரியும். இரண்டு மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டமே வராது.

பட்டன் காளான்தான், வளர்ந்துவிட்டது

போர்டோபெல்லோ புது இனம் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் சின்னச் சின்னதாக, வெள்ளையாகக் கிடைக்கும் பட்டன் காளானும் இதுவும் ஒரே இனம். அறிவியல் பெயர் அகாரிகஸ் பைஸ்போரஸ். இந்த இனத்தின் பழுப்பு வகையைச் சின்னதிலேயே பறித்தால் அது கிரிமினி. இன்னும் சில நாள் விட்டு, குடை முழுதாக விரிந்த பிறகு பறித்தால் போர்டோபெல்லோ. வெள்ளை வகை 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு காளான் பண்ணையில் தற்செயலாக முளைத்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்ததால் அதுவே உலகம் முழுக்கப் பரவியது.

கூடுதலாகச் சில நாள் வளர்வதால் போர்டோபெல்லோவில் ஈரம் சற்றுக் குறையும், சுவை இறுகும். குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்கள் கரும்பழுப்பாக இருப்பதும் இதனால்தான். அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று தூக்கிப்போட வேண்டாம்.

மக்க வைத்த வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் கலந்த உரப் படுக்கையில்தான் இது வளர்கிறது. வைக்கோலுக்குத் தஞ்சாவூரில் பஞ்சமில்லை. ஆனால், காளான் மொட்டு விட 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அது ஊட்டியில் இயற்கையாகக் கிடைக்கும். டெல்டாவில் குளிரூட்டிய அறை கட்டினால்தான் உண்டு. அதனால், இங்கே கடைக்கு வரும் போர்டோபெல்லோ பெரும்பாலும் பயணம் செய்து வந்ததாகத்தான் இருக்கும். பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது கவனியுங்கள்

* குடை தொட்டால் கெட்டியாக, உலர்ந்து இருக்க வேண்டும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் வேண்டாம்.
* பாக்கெட்டின் உள்ளே தண்ணீர் கோத்திருந்தால் அது பழையது.
* வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்து, காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.
* முன்கூட்டியே கழுவி வைக்காதீர்கள். சமைக்கும் முன் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மண் ஒட்டியிருந்தால் ஓடும் தண்ணீரில் சட்டென்று காட்டி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

ரகசியம் தண்ணீரில்தான்

காளானின் எடையில் 90 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர். குறைந்த தீயில், நெருக்கமாகப் போட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் காளான் அதிலேயே வெந்துவிடும். முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக வெளியேறும். ஆகவே, கல் நன்றாகக் காய வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும், உப்பைக் கடைசியில் போட வேண்டும். இதற்கு நான்ஸ்டிக்கைவிட நம் வீட்டு இரும்பு தோசைக்கல் பொருத்தம். சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

மிளகுப் பிரட்டல்

தேவையானவை: போர்டோபெல்லோ 2, சின்ன வெங்காயம் 6, பூண்டு 4 பல், மிளகு 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், நல்லெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, உப்பு தேவைக்கு.

செய்முறை: மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். காளானின் தண்டைத் திருகி எடுத்து, பொடியாக நறுக்குங்கள். செவுள்களைச் சாப்பிடலாம், தவறில்லை. நிறம் கறுக்க வேண்டாம் என்றால் ஸ்பூனால் சுரண்டிவிடுங்கள்.

கல் காய்ந்ததும் எண்ணெய் விடாமல், செவுள் பக்கம் கீழே இருக்கும்படி குடைகளை வையுங்கள். மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து லேசாக அழுத்துங்கள். தண்ணீர் விட்டு, ‘சொய்’ சத்தம் எழுந்து அடங்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஈரம் வற்றிய பிறகு சுற்றிலும் பாதி எண்ணெய் விட்டு, திருப்பிப் போடுங்கள். இன்னும் மூன்று நிமிடத்தில் நன்றாகச் சிவந்துவிடும். எடுத்து விரல் அகலத்துக்கு நறுக்குங்கள்.

அதே கல்லில் மீதி எண்ணெயை விட்டு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, வெங்காயம், தண்டுத் துண்டுகளை வதக்குங்கள். காளானைச் சேர்த்து, மிளகுப் பொடியும் உப்பும் தூவி, ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். ரசம் சாதத்துக்கு அருமையான துணை.

கறி மாதிரி... ஆனால் புரதம்?

அம்மாக்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மெல்லும்போது கறி மாதிரி இருக்கிறது என்பதற்காக, கறியின் சத்தும் இதில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 100 கிராம் போர்டோபெல்லோவில் புரதம் சுமார் 2 கிராம்தான். அதே அளவு கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல் இருக்கும். பொட்டாசியமும் பி வைட்டமின்களும் காளானில் உண்டு, கொழுப்பும் கலோரியும் குறைவு. வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டுமென்றால் பக்கத்தில் பருப்பு இருந்தாக வேண்டும்.

அதற்கு டெல்டாவிலேயே வழி இருக்கிறது. கும்பகோணம் கடப்பா! இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் இந்தப் பாசிப்பருப்புக் குழம்பில் உருளைக்கிழங்குக்குப் பதில் காளானைப் போடலாம். 100 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். கால் மூடி தேங்காய், ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை, அரை டீஸ்பூன் சோம்பு, நாலு பச்சை மிளகாயை அரையுங்கள். பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, பருப்பையும் விழுதையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு உப்புப் போடுங்கள். கல்லில் சிவக்க வைத்த காளான் துண்டுகளைக் கடைசியில் சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நாலு பேருக்குப் பங்கிட்டாலும் பருப்பிலிருந்து மட்டும் ஆளுக்கு 6 கிராம் புரதம் கிடைத்துவிடும்.

இன்னொரு யோசனை. நறுக்கிய காளானை, செவுள் மேலே பார்க்கும்படி, உச்சி வெயிலில் அரைமணி நேரம் வைத்து எடுத்துச் சமையுங்கள். வெயில் பட்டால் காளானில் வைட்டமின் டி உருவாகும்.

தோட்டத்துக் குடை வேண்டவே வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல்தரையில் பெரிய பெரிய குடைகள் முளைக்கும். ‘இதுவும் போர்டோபெல்லோ மாதிரிதானே’ என்று பறித்துவிடாதீர்கள். வெப்பமான ஊர்களின் புல்வெளிகளில் வளரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்ற காளான் வெள்ளையாக, அழகாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும். முற்றினால் செவுள் பச்சையாக மாறும். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும்.

வெள்ளி ஸ்பூன் கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் நம்பத் தகுந்தவை அல்ல. வேகவைத்தாலும் சில காளான்களின் விஷம் போகாது. உயிரைப் பறிக்கும் சில வகைகளில் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியே தொடங்கும். நடுவில் தேறியதுபோலத் தெரிந்தாலும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

போர்டோபெல்லோ கிடைக்கவில்லையா? பால் காளான் இருக்கிறதே!

விலை கட்டுப்படியாகவில்லை, ஊரில் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். சதைப்பற்றில் போர்டோபெல்லோவுக்குச் சளைக்காத ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் வெளிவந்த ஏ.பி.கே.-2 என்ற பால் காளான். தண்டு தடித்து, பால் வெள்ளையாக இருக்கும். போர்டோபெல்லோ வாடிப்போகும் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் இது தழைக்கும்.

இதற்குப் படுக்கை, நெல் வைக்கோல். துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடிந்ததும் காளான் வித்துடன் அடுக்கடுக்காகப் பையில் நிரப்புவார்கள். பூசணம் பரவியதும் படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்புவார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வளர்க்க ஆசைப்படும் டெல்டாக்காரர்கள் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

சமைப்பதும் அதே முறைதான். சதை இறுக்கமானது என்பதால் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, காய்ந்த கல்லில் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். உப்பு மட்டும், மறக்காமல், கடைசியில்!