யாங்–பாக்ஸ்டர் சமன்பாடு: விடையும் ஆதாரமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் மூன்று வண்டிகள் செல்வதாகக் கொள்வோம். ஆலைக்குச் சரக்கு ஏற்றிய லாரி முன்னே மெல்லச் செல்கிறது. அதன் பின்னே பேருந்து. இறுதியில், எல்லாவற்றினும் விரைவான கார். கார் முதலில் பேருந்தையும் அடுத்து லாரியையும் முந்தியபின், பேருந்து லாரியை முந்தலாம். அன்றிப் பேருந்து லாரியை முந்தியபின், கார் அவ்விரண்டையும் முந்தலாம். வழி எதுவாயினும் முடிவு ஒன்றே: கார், பேருந்து, லாரி.

துகள்களின் உலகில் இது இத்துணை எளிதன்று. ஒரே கோட்டில் செல்லும் குவாண்டம் துகள்கள் மோதும்போது, தற்சுழற்சி போன்ற அவற்றின் நிலைகள் மாறக்கூடும். ஆகவே மோதல்களின் வரிசை மாறினால் முடிவும் மாறலாம். அவ்வாறாயின், இரண்டிரண்டாக நிகழும் மோதல்களைக் கொண்டு பல துகள்களின் போக்கைக் கணிக்கும் முறையே பொய்த்துவிடும். இரு வரிசைகளும் ஒரே முடிவைத் தரவேண்டும் என்னும் நிபந்தனையை 1967இல் சி. என். யாங் சமன்பாடாக வடித்தார். 1972இல் ராட்னி பாக்ஸ்டர், புள்ளியியல் இயக்கவியலில் ஒரு படிகத்தின் அடுத்தடுத்த வரிசைகளை இணைக்கும் அணிகளை எம்முறையில் பெருக்கினாலும் ஒரே விடை வருவதற்கு இதே சமன்பாடு அடிப்படையாவதைக் காட்டினார்.

ஒற்றை வரிசையில் அமைந்த அணுக்களிடையே, ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களின் இயக்கத்தை விளக்குவது ஹப்பர்டு மாதிரியின் எளிய வடிவம். 1968இல் லீப், வூ ஆகிய இருவர் யாங்கின் முறையால் அதற்குத் துல்லியமான விடை கண்டனர். அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் இருப்பின், விலக்கம் எவ்வளவு சிறிதாயினும் அவ்வரிசை தனிச்சுழி வெப்பநிலையில் மின்சாரத்தைக் கடத்தாது என்பது அவர்கள் முடிவு. ஆயினும், பாக்ஸ்டர் காட்டிய வகையிலான அணிகள் இம்மாதிரிக்கு உண்டா என்பது புலப்படவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவரும் பின்னாளில் நம் ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவருமான பி. ஸ்ரீராம் சாஸ்திரி, 1986இல் அவ்வணிகளைக் கண்டறிந்தார். அதுவரை அறியப்பட்ட தீர்வுகள் பெரும்பாலும், துகள்களின் வேகத்தைக் குறிக்கும் இரு எண்களின் வேறுபாட்டை மட்டுமே சார்ந்திருந்தன, இத்தீர்வு அவ்வாறன்று. அது சமன்பாட்டுக்கு முற்றிலும் இணங்குவதை 1995இல் ஜப்பானிய அறிஞர்களான ஷிரோய்ஷி, வதாதி ஆகியோர் நிறுவினர்.

மாணவர் சரியான விடை சொன்ன பின்னரும் நாம் தலீலைக் கேட்கிறோம். விடைதான் வந்துவிட்டதே என்று அவர் வியப்பதுண்டு. ஹப்பர்டு மாதிரிக்கும் 1968இலேயே விடை வந்துவிட்டது. அது அந்த ஒரு மாதிரிக்கு உரியது. அதன் ஆதாரத்தைத் தேடியதால் 18 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அமைப்போ, மேலும் 20 ஆண்டுகளுக்குப் பின், எவரும் எதிர்பாராத இழைக் கோட்பாட்டு ஆய்விலும் வெளிப்பட்டது.