கன்னத்து மைக் ஏன் நடுக்காட்சியில் மங்குகிறது?

அல்சூர் ஏரிப் பக்கம், ஜோகுபாளையத்தில் தெருவோரம் மேடை போட்டால், ஆட்டோ ஹாரனையும் மீறி வசனம் கேட்க வேண்டும். அதற்குத்தான் கன்னத்தோடு ஒட்டும் மைக். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; தெருச் சத்தம் கூடாது.

பெரும்பாலும் இவை எலெக்ட்ரெட் வகை. 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய நுட்பம். நிலையான மின்னூட்டத்துக்கு எதிரே மெல்லிய சவ்வு அதிரும். இடைவெளி மாற மாற, குரல் மின்சாரமாகும்.

எதிரி வியர்வை. நெற்றியிலிருந்து கம்பி வழியே இறங்கும் ஒரு துளி, மைக்கின் நுண்துளையை அடைத்தாலே கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். உள்ளே போனால் உப்பு உலோகத்தை அரிக்கும். மைக்குக்குச் சற்று மேலே கம்பியில் டேப்பைச் சிறு வளையமாகச் சுற்றுங்கள். துளி அங்கேயே நின்று சொட்டிவிடும். எனக்கு மிகப் பிடித்த உபாயம் இது.

மைக் வாய்க்கு நேரே வேண்டாம், உதட்டோரம் போதும். ‘ப’ சொல்லும்போது சீறும் காற்று சவ்வில் மோதாது. பவுடர் பூசி முடித்த பிறகே மாட்டுங்கள். நாடகம் முடிந்ததும் பஞ்சுறையைக் கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலரவிடுங்கள். கம்பியை இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளிழை முறிவது அங்கேதான்.